முறைப்படி வரும் பெயர்

"அச்சகத்துக்காரன் போன் பண்ணிச் சிரிக்கிறான். 'சார், பொண்ணு பக்கம், மாப்பிள்ளை பக்கம் ரெண்டுலயும் ஒரே வீட்டுப் பேரைக் குடுத்திருக்கீங்களே, இதுல எது தப்பு'ன்னு கேக்குறான். நான் என்ன பதில் சொல்றது சம்பந்தி?"

இதைச் சொன்ன மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளை டீக் கோப்பைகளுக்கு நடுவில் விரித்து, சுருண்டுகொண்ட ஓரத்தின் மேல் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாளில் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். இரண்டு வட்டத்துக்குள்ளும் இருந்தது ஒரே பெயர்தான்: இரட்டைக்கதவு.

அவர்கள் குடும்பத்துப் பத்திரிகையில் இரு பக்கமும் வீட்டுப் பெயரோடு நான்கு தலைமுறைப் பெயரைப் போடுவார்கள். தலைமையாசிரியரின் கொள்ளுத்தாத்தா கட்டிய வீட்டுக்குக் குதிரை வண்டியே நுழையும் அளவுக்கு இரட்டைக் கதவு இருந்ததாம். வீடு விற்றுப்போய், அது இருந்த இடத்தில் இப்போது டயர் குடோன் இருக்கிறது. கதவு எவன் வீட்டு அடுப்பில் எரிந்ததோ தெரியாது. பெயரை மட்டும் அவர் விடவில்லை. வானிலையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் திருகித் திருகி அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அதே வாயால் மேடையேறி, மனிதருக்குள் மேல் ஏது கீழ் ஏது என்று முழங்கிக் கைதட்டலும் வாங்குவார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு விக்கல்கூட வந்ததில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். வீடு மாடியில் இரண்டு அறை. முன்னறைதான் அவர் மனைவிக்குத் தையல் கடையும். சம்பந்தி வருகிறார் என்று தையல் மெஷின் மேல் போர்வையைப் போட்டு மூடி, வெட்டிய சீருடைத் துணிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார்கள். மெக்கானிக்கின் முகம் வெளுத்திருந்தது. இந்த நாள் வராமலே போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம். கம்பெனிச் சட்டையிலும் வங்கிக் கணக்கிலும் ஓர் எழுத்தை மட்டும் போட்டு, வீட்டுப் பெயரைக் காலமெல்லாம் மறைத்து வந்தவர் அவர்.

பத்திரிகைக்கு முழுப் பெயரை எழுதிக் கொடுத்தது அவருடைய மகள். மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள். அங்கேயே மருந்தகத்தில் இருக்கிறவன்தான் மாப்பிள்ளை. "கல்யாணத்துக்கு அப்புறம் பேரை மாத்தி எழுதுற அலைச்சல் மிச்சம்" என்று இருவரும் கேன்டீனில் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். தன் வீட்டுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"ஒரே வீட்டுப் பேருன்னா ஒரே வம்சம்" என்றாள் தலைமையாசிரியரின் அக்கா. அவர்கள் வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் கடைசித் தீர்ப்பு அவளுடையது. "அப்படின்னா நாம பங்காளிங்க. இவன் அண்ணன், அவ தங்கச்சி. அட ஆண்டவனே, மண்டபத்துக்கு முன்பணம் குடுத்தப்புறமா இது தெரியணும்?"

மெக்கானிக்குக்குக் கண்ணைக் கட்டியது. வாயைத் திறக்காவிட்டால் முறை தப்பு என்று கல்யாணம் நிற்கும். திறந்தால் இன்னொரு காரணத்துக்காக நிற்கும். மகளைப் பார்த்தார். அவள் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையோ பத்திரிகையில் தன் பெயரையே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

"பங்காளி இல்லீங்க" என்றார் மெக்கானிக். "நீங்க பயப்படாதீங்க. ரத்த சம்பந்தம் ஒண்ணும் கிடையாது."

"அப்புறம் பேரு எப்படி வந்துச்சு?"

"எங்க தாத்தா உங்க வீட்லதான் இருந்தாரு. மாட்டுக் கொட்டகையில. பாட்டியும் பிள்ளைங்களும் அங்கேயேதான். கூலின்னு ஒண்ணும் கிடையாது, சோறு போடுவாங்க. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி வீட்டுப் பேரு என்னன்னு கேட்டிருக்காரு. எங்காளுங்களுக்கு வீடே இல்ல, வீட்டுப் பேரு எங்க இருந்து வரும்? 'சரி, யார் வீட்டு ஆளு'ன்னு கேட்டு அதையே எழுதிட்டுப் போயிட்டாரு. பாத்திரத்துல பேரு வெட்டுறோமில்ல, தொலைஞ்சா யார் வீட்டுதுன்னு தெரியறதுக்கு? அந்த மாதிரிதான்னு வெச்சுக்குங்களேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

"ஏம்ப்பா எங்கிட்ட இதைச் சொல்லவே இல்ல?" என்றாள் மகள்.

"சொல்லி என்ன ஆகப்போகுது, விடும்மா."

"அப்பாடா" என்றார் தலைமையாசிரியர். உண்மையாகவே நிம்மதிதான். பங்காளி இல்லை, அண்ணன் தங்கை இல்லை. அந்த நிம்மதி ஒரு மடக்கு டீ குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. அக்காவின் கையிலிருந்த கோப்பை வாய்க்குப் போகாமல் பாதி வழியிலேயே மேசைக்குத் திரும்பியது. தம்பியின் பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதோ பாருங்க, எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. நான் எப்படிப்பட்டவன்னு ஊருக்கே தெரியும். ஆனா பத்திரிகை நாலு பேர் கைக்குப் போகுது. விவரம் தெரிஞ்ச பெரியவங்க எங்க பக்கத்துல இன்னும் இருக்காங்க. பொண்ணு பக்கத்துல அந்தப் பேரை எடுத்துடுவோம். வெறும் இனிஷியல் போதும்." 'சம்பந்தி' என்ற சொல் நடுவில் எங்கோ கழன்று விழுந்திருந்தது. "பொண்ணும் இப்போதைக்கு அதை எங்கயும் எழுத வேண்டாம். கல்யாணம் முடிஞ்சா முறைப்படி அந்தப் பேரு அவளுக்கு வரத்தானே போகுது? நாங்களே குடுத்துடுவோம்."

"என் பேரை எடுத்துட்டு எனக்கே குடுப்பீங்களா, மாமா?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு" என்று அவளை அடக்கினார் மெக்கானிக். "எடுத்துடுங்க சார். நாங்க ஒண்ணும் அதைக் கேட்டு வாங்கல."

அந்த மனிதர் மேல் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் மகள் மனசுக்குப் பிடித்தவன் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, எந்த அப்பன் ஒரு பெயருக்காக மல்லுக்கு நிற்பான்? அவ்வளவோடு எழுந்து போயிருந்தால், அவமானத்தை விழுங்கிக்கொண்டு அந்தக் கல்யாணம் நடந்தும் இருக்கும். அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"எல்லாம் சரி. வெறும் வேலைக்காரங்கதான், வேற ஒட்டு உறவு கிடையாதுன்னு நிச்சயமாத் தெரியுமா? நாளைக்கு ஒருத்தரும் முறை தப்புன்னு கைநீட்டக் கூடாது பாருங்க." அவள் பெண்ணின் அம்மா பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. ஒரு சத்தியம் பண்ணிடு, மனசுக்குத் திருப்தியா இருக்கும்."

பெண்ணின் அம்மா அதுவரை சமையலறை வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து 'நீங்க' என்றிருந்த அக்கா 'நீ' என்று இறங்கியதும் அவள் காதில் விழுந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

"நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தவங்க. என் மாமியார் சொன்னதைத்தான் சொல்ல முடியும். அவங்க மாமியார் உங்க வீட்ல பாத்திரம் தேச்சவங்க. பொழுது சாஞ்சா கொட்டகைக்குப் போக விடமாட்டாங்களாம், உள்ளேயே படுன்னுருவாங்களாம். நாலு பிள்ளை பொறந்துச்சு. எது யாரு பிள்ளைன்னு அவங்களைக் கட்டினவரும் கேக்கல, அவங்களும் சொல்லல. சொல்லிட்டு அங்க உயிரோட இருக்க முடியுமா? அதனால சத்தியம் எல்லாம் என்னால பண்ண முடியாதுங்க. உங்க வீட்டு ஆம்பளைங்கதான் பண்ணணும்."

மெக்கானிக் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். அக்கா எழுந்தாள். தலைமையாசிரியர் மாதிரித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கடைசியாக மாப்பிள்ளை எழுந்தான். பெண்ணிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, அத்தை கூப்பிட்டதும் செருப்பைத் தேடப் போய்விட்டான்.

அந்த வாரமே கல்யாணம் நின்றது. நின்றதற்குக் காரணம் சொல்லியாக வேண்டுமே! வேலைக்காரன் வம்சம் என்று சொன்னால் அப்புறம் எந்த மேடையில் ஏறுவது? தலைமையாசிரியர் விவரமானவர். மண்டபத்துக்காரரிடமும் உறவுக்காரர்களிடமும் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்களிடமும் ஒன்றையே சொன்னார்: "பொண்ணு வீட்டார் நமக்குப் பங்காளிங்கன்னு தெரிஞ்சுபோச்சு. தங்கச்சி முறை ஆகுது. அவங்க அம்மாவே சொல்லிட்டாங்க. என்ன செய்யறது?" கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எந்த வழியில் பங்காளி என்று ஒருவரும் கேட்கவில்லை. கொட்டகையில் கிடந்தவனின் சந்ததியை மருமகளாக ஏற்க மனம் வராத குடும்பம், அவளை வெளியே தள்ளுவதற்காக ரத்த உறவாகவே ஏற்றுக்கொண்டது.

இதில் கொடுமை, மெக்கானிக்குக்கு அது ஆறுதலாக இருந்தது. "நல்ல வேளை, மரியாதையா முடிச்சுட்டாரு. பங்காளின்னு அவர் வாயாலயே சொன்னது நமக்கும் கௌரவம்தானே?" என்று மனைவியிடம் சொன்னார். அவள் மெஷினை மிதித்தாள். மகள் உள்ளறையில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

ஆய்வகத்தில் காலையில் கூட்டம் அதிகம். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மருந்தகத்திலிருந்து ஊசிப் பெட்டியைக் கொண்டுவந்த மாப்பிள்ளையைத் தலைமை நர்ஸ் பிடித்துக்கொண்டாள். இப்போது அவன் மாப்பிள்ளை இல்லை என்ற செய்தி அவளுக்கும் எட்டியிருந்தது.

"என்னப்பா இது? ரெண்டு பேரும் அவ்வளவு ஆசையா இருந்தீங்களே."

"என்ன சிஸ்டர் பண்றது? விசாரிச்சதுல தங்கச்சி முறை வந்துருச்சு" என்றான் அவன். "எங்க தலையெழுத்து."

"அடப் பாவமே" என்றாள் நர்ஸ், மனசாரத்தான்.

ஒரு கிழவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தவள் காதில் எல்லாம் விழுந்தது. பேசாமல் இருந்தால் பழுதில்லாமல் முடிந்துவிடும். அவள் பேரில் குற்றமில்லை, குடும்பத்தின் பேரில் குறையில்லை, எல்லாம் தலையெழுத்து. அப்பாவும் அதைத்தான் விரும்புகிறார். அவள் பட்டையைத் தளர்த்திவிட்டு நிமிர்ந்தாள்.

"தங்கச்சி எல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். எங்க கொள்ளுத்தாத்தா இவங்க வீட்டு மாட்டுக் கொட்டகையில கூலி இல்லாம உழைச்சவரு. கொள்ளுப்பாட்டி இவங்க வீட்ல பாத்திரம் தேச்சவங்க. அவங்களை அந்த வீட்டு ஆம்பளைங்க என்ன பண்ணாங்கன்னு கேட்டா பதில் இல்ல. அந்தக் குடும்பத்துல பொண்ணு எடுக்க இவங்க அப்பாவுக்கு வெக்கமா இருக்கு. அதை வெளிய சொல்ல அதைவிட வெக்கமா இருக்கு. அதான் என்னைத் தங்கச்சி ஆக்கிட்டாரு."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசு" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "உனக்கும்தானே அசிங்கம்?"

"எனக்கு என்ன அசிங்கம்? நாங்க யாரையும் கொட்டகையில கட்டி வெக்கலியே."

அவன் பெட்டியை வைத்துவிட்டு நடந்தான். நர்ஸ் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "சொல்லாம விட்டிருக்கலாம்மா. இது நாலு இடத்துக்குப் பரவும். நாளைக்கு உனக்கு வேற வரன் வரணுமில்ல?"

"வரட்டும் சிஸ்டர். வர்றவங்க கிட்ட முதல்ல இதைத்தான் சொல்லப் போறேன்" என்றாள் அவள். கிழவரின் கையைப் பிடித்து மறுபடி பட்டையைக் கட்டினாள். "கையை இறுக்கி மூடிக்குங்க, தாத்தா. கொஞ்சம் வலிக்கும்."