கறுப்புத் தோலை வைத்துக் கேமரா வாங்கியவள்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக ஜோடி பார்க்கிற வேலை ஹெலனுக்கு. இடது ஷூவும் வலது ஷூவும் ஒரே நிறமா, எங்கேயாவது கீறல் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற வேலை. ட்யூப்லைட்டுக்குக் கீழே கறுப்பு ஜோடியாகத் தெரிந்ததை ஜன்னலுக்குக் கொண்டுபோனால் ஒன்று கருநீலமாக நிற்கும். பொருளின் பொய் எந்த வெளிச்சத்தில் வெளியே வருமோ அங்கே கொண்டுபோய்ப் பார்க்கணும் என்பாள். சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்தினாலும் பார்க்காமல் ஓகே போட்டதில்லை, மகராசி!

அப்படிப்பட்டவளைப் போன வருஷம் ஒரு கேள்வி கூனிக் குறுக வைத்துவிட்டது. ஒன்பதாவது படிக்கிற மகள் ஃபீபி, மாவட்ட ஷட்டில் போட்டியில் ஜெயித்தாள். அப்பா இருதயராஜ் சவுதியில் டிரைவர். மகள் ஆடி அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஹெலன் இரவல் கேமராவில் அறுபது படம் எடுத்து மெயிலில் அனுப்பினாள். உள்ளரங்கம், ஃபிளாஷ் போடக்கூடாது, கேலரியோ எட்டாத தூரம். அறுபதிலும் வெள்ளை வெள்ளையாக இழுவைதான். மறுநாள் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போன் போட்டு அவர் மெதுவாகக் கேட்டார்: "ஹெலன், இதுல எது நம்ம பொண்ணு?"

ரிசீவரை வைத்துவிட்டுப் பூத்திலேயே அழுதாள். இந்த வருஷம், 2007-ல், ஃபீபி மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள், கோயம்புத்தூரில் ஆட்டம். அங்கே முகம் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்தாகணும். வேறெந்த வேண்டுதலும் அவளுக்கு இல்லை.

கேமரா வாங்க வேலூருக்குக் கிளம்பினாள். கூடவே கொழுந்தன் நெல்வின். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், உலகத்தில் உள்ள மிஷின் எல்லாம் தன்னைக் கேட்டுத்தான் ஓடுகிறது என்று நினைப்பு.

"அண்ணி, பதினெட்டு எக்ஸ் ஜூம் வந்துக்குது, பதினெட்டு மடங்கு கிட்ட இழுக்கும். கண்ணை மூடிக்கினு வாங்குங்க."

"கண்ணை மூடிக்கினு வாங்கறதுக்கு நான் எதுக்கு, நீயே போதுமே" என்றாள் ஹெலன்.

கடைக்காரர் நிசார் அஹமது மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது லென்ஸ் மாற்றுகிற பெரிய கேமரா. தூக்கிப் பார்த்தாள், அரிசிப் பை கனம். "இதைக் கழுத்துல மாட்டிக்கினு கூட்டத்துல ரயில் ஏறினா, மேட்ச் பார்க்கக் கழுத்து மிஞ்சாது பாய்." அது போயிற்று. இரண்டாவது நெல்வினின் பதினெட்டு எக்ஸ், பளபளப்பான புது மாடல். மூன்றாவது போன வருஷத்துப் பன்னிரண்டு எக்ஸ், யாரும் வாங்காமல் அலமாரியில் கிடந்தது.

ஹெலன் கைப்பையிலிருந்து கறுப்புத் தோல் துண்டு ஒன்றை எடுத்தாள். மயிர்க்கால் புள்ளி பொடிப்பொடியாகத் தெரிகிற தோல். கடையில் விளக்கு மங்கின கோடி எது என்று கேட்டாள். பின்பக்கம் அட்டைப்பெட்டி அடுக்கிய இடம்.

"நெல்வின், இதைக் கையில பிடிச்சுக்கினு அங்க போய் குதி."

"இன்னா அண்ணி, மானத்தை வாங்கறீங்க!"

"குதிடா சாமி."

குதித்தான். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஹெலன் சிரிக்கவில்லை, வாசலில் நின்று, ஜூமை முழுசாக இழுத்து, இரண்டிலும் மாற்றி மாற்றி எடுத்தாள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோது பதினெட்டு எக்ஸில் தோலும் இல்லை, கையும் இல்லை, நெல்வின் ஆவியாகப் போய்க்கொண்டிருந்தான். பன்னிரண்டில் கொஞ்சம் பொரி பொரியாக இருந்தாலும் மயிர்க்கால் தெரிந்தது. நிசார் அஹமது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு லென்ஸ் விளிம்பில் அச்சடித்திருந்த எண்களைப் பார்த்தார்.

"சரிதாம்மா. அதுல ஜூம் இழுக்க இழுக்க வெளிச்சம் கம்மியாகும். இதுல கடைசி வரைக்கும் ஒரே வெளிச்சம். பத்து வருஷமா விக்கறேன், தோலைக் காட்டிக் கேமரா கேட்டது நீங்கதான்."

பன்னிரண்டைப் பைக்குள் வைத்தாள். ரோஷம் தாங்காமல் நெல்வின் பதினெட்டைத் தனக்கு வாங்கிக்கொண்டான்.

ஆம்பூரில் ஃபீபியோடு மூன்று பேரும் ரயில் ஏறினார்கள். கோயம்புத்தூரில் ஃபீபி சுற்றுக்குச் சுற்று ஜெயித்து, மூன்றாம் நாள் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டாள். ஆனால் ஹெலனுக்கு அதுவரை ஒரு படம் தேறவில்லை. எல்லாம் தெளிவாகத்தான் விழுந்தன, ஆள்தான் இல்லை! பட்டனை அழுத்திக் கேமரா கண் சிமிட்டுவதற்குள் பெண் தாவி இறங்கிவிடுகிறாள். வெறும் வலையும் காற்றும் துல்லியமாக இருந்தன.

கடைசி கேம், இருபதுக்குப் பதினெட்டு, ஃபீபிக்கு இன்னும் ஒரே பாயின்ட். ஹெலன் கேமராவை இறக்கிவிட்டு மகளை மட்டும் பார்த்தாள். கம்பெனியில் ஓடுகிற பெல்ட்டில் ஷூ வந்த பிறகா கையை நீட்டுகிறோம்? வருவதற்கு முன்னாலேயே கை போய்விடுமே. ஓங்கி அடிப்பதற்கு முன்னால் ஃபீபி இடது காலைத் தரையில் ஒரு தட்டு தட்டுகிறாள். அட, ஏழு வயசிலிருந்து தட்டுகிறாளே! பட்டனைப் பாதி அழுத்திக் காத்திருந்தாள். கால் தட்டியது. அழுத்தினாள். அரங்கமே "ஹோ" என்றது. ஃபீபி ஜெயித்துவிட்டாள், ஆனால் ஹெலனின் கண் கேமராவின் திரையில்தான் இருந்தது. அந்தரத்தில் ஃபீபி, முழு முகத்தோடு! பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

நெல்வின் தன் கேமராத் திரையைப் பார்த்தான், வெறும் இழுவை. மூஞ்சி தொங்கிவிட்டது. "அண்ணி, எனக்கும் ஒரு காப்பி குடுங்க."

"குதி, தர்றேன்" என்றாள் ஹெலன். ரயில் நிலையம் வரைக்கும் ஃபீபி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஊர் வந்ததும் பிரவுசிங் சென்டரிலிருந்து படம் போயிற்று. வெள்ளிக்கிழமை, சவுதியில் லீவு நாள், காலையிலேயே பூத்துக்குப் போன் வந்தது. எதிர்முனையில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்.

"இன்னாங்க, தெரியுதா?"

"நாக்கைக் கடிச்சுக்கினு அடிக்கிறா ஹெலன். ஸ்டியரிங் ஒடிக்கும்போது நானும் அப்படித்தானே கடிப்பேன்." குரல் உடைந்து, பிறகு சிரித்தது. "கேம்ப்ல ரூம் ரூமா எடுத்துனு போய்க் காட்டினேன். இதுல எது உன் பொண்ணுன்னு ஒருத்தனும் கேக்கல."