கிருபனுடைய திதி

யாழ்ப்பாணத்தில் ஒரே சாரணர் படையில் இருந்தவர்கள் ஒவ்வோர் ஆனி மாதமும் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பூங்காவில் கூடுவார்கள். சண்டையில் செத்துப்போன தோழர்களின் பெயர்களை வாசிப்பார்கள். கிருபனின் பெயரை மட்டும் வாசிப்பதில்லை. அவனுடைய அக்கா சந்திரவதனா சம்மதிக்கவில்லை.

"தம்பி கடலிலை காணாமல் போனவன். செத்ததைக் கண்ட ஆக்கள் இருந்தால் வரச் சொல்லுங்கோ."

கண்ட ஆள் ஒருவர் இருந்தார். ரெக்ஸ்டேலில் இருக்கும் எட்வேட். அவர் ஒன்றுகூடல் பக்கமே போனதில்லை. போன வருடம் சித்திரையில் மாரடைப்பு வந்து தப்பிய பிறகு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று பஸ் மாறி மல்வேர்னுக்கு வந்து சந்திரவதனாவின் வீட்டு மணியை அடித்தார்.

"நான் கிருபனோடை சாரணர் படையிலை இருந்தனான் அக்கா. கடைசியா வள்ளத்திலையும் இருந்தனான்."

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, "உள்ளுக்கு வாங்கோ," என்றாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணி. கிருபனுக்கும் எட்வேட்டுக்கும் பத்தொன்பது வயது. சாரணர் படையை விட்டு ஒரு வருடம். மன்னாரிலிருந்து ராமேஸ்வரம் போகும் வள்ளத்தில் ஏறினார்கள். விடியும் நேரம் மேலே வந்த ஹெலிகொப்டரிலிருந்து சூடு விழுந்தது. வள்ளம் கவிழ்ந்தது. எட்வேட்டுக்கு நீந்தத் தெரியாது. கிருபன் மிதந்து வந்த வெறும் எண்ணெய்க் கானைப் பிடித்து, அவரையும் ஒரு சின்னப் பிள்ளையையும் அதோடு கயிற்றால் கட்டினான்.

"படையிலை பழகின முடிச்சு. அவன்ரை கை நடுங்கேல்லை அக்கா. பிறகு பிள்ளையின்ரை தாயைத் தேடி நீந்தினவன். 'கானை விடாதை, விடாதை' எண்டு கத்தினது கேட்டது. கொஞ்சத்தாலை அதுவும் கேக்கேல்லை. வெயில் ஏறுமட்டும் பாத்தனான். அவன் வரேல்லை."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"மண்டபம் அகதிக் காம்பிலையிருந்து உங்களுக்குக் கடிதம் எழுதினனான். உங்கடை அம்மா அவனுக்கு இன்னும் சோறு எடுத்து வைக்கிறா எண்டு ஆரோ சொல்லிச்சினம். கிழிச்சுப்போட்டன். அவன் கட்டிவிட்ட உயிரோடை நான் இருந்துகொண்டு, அவன் இல்லை எண்டு எப்பிடி எழுதுறது?"

"அம்மா சாகுமட்டும் போன் அடிச்சால் ஓடிப்போய் எடுப்பா. தெரியுமோ உங்களுக்கு?"

அவள் எழுந்து குசினிக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. தேத்தண்ணியோடு வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"அந்தப் பிள்ளை?"

"தப்பிட்டுது. தகப்பன் காம்புக்கு வந்து கூட்டிக்கொண்டு போனவர்."

"என்ன நாள் அண்டைக்கு?"

"அமாவாசைக்கு அடுத்த நாள். இருட்டு எண்டுதான் வெளிக்கிட்டனாங்கள்."

"பிரதமை," என்றாள் அவள் மெல்ல.

அந்த ஆனியில் கிருபனின் பெயரை அவளே வாசித்தாள். ஆவணிப் பிரதமையன்று றிச்மண்ட் ஹில் கோயிலில் மோட்ச அருச்சனை செய்வித்தாள். எட்வேட் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்; வாசலோடு ஒதுங்கி நின்றார். அவள் போய்க் கூட்டிவந்து தன் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

"இவர் ஆர்?" என்று ஐயர் கேட்டார்.

"தம்பியோடை வள்ளத்திலை வந்தவர்," என்றாள்.