மொட்டைக் கோபுரம்

பட்டுச்சேலை பார்டருக்கு டிசைன் போடும் சுகாசினி, அதற்கான ஓர் இலவச மென்பொருளை மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டேதான் பயன்படுத்தினாள். பார்டரில் வரும் கோபுர உருவில் பாதியை வரைந்து, புரட்டிச் சேர்த்தால் நடுக்கோடு இரண்டாகி உச்சி மொட்டையாகிவிடும். ஒவ்வொரு முறையும் அந்த உபரிக் கோட்டைக் கையால் அழிப்பாள்.

"என்கிட்டயே கத்திக்கினு இருக்கியே, அதைச் செஞ்சவங்களுக்கு எழுதும்மா" என்றான் கணவன் சத்யராஜ்.

வேண்டாவெறுப்பாகப் படத்தோடு எழுதிப் போட்டாள். "எங்களில் யாரும் நெய்ததில்லை. திருத்திவிட்டோம், நீங்களே சோதித்துச் சொல்லுங்கள்" என்று பதில் வந்தது. சோதித்துச் சொன்னாள். அடுத்த பதிப்பில், உருவாக்கியவர்கள் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது.

மறுவாரம் பக்கத்துக் கடையில் டிசைன் போடும் பிரேம்நாத் அதே மென்பொருளைத் திட்டினார். சுகாசினிக்குச் சுருக்கென்றது.

"சும்மா கத்தாதீங்கண்ணா! எங்க சாஃப்ட்வேர்ல என்னா குறைன்னு சொல்லுங்க, உக்காந்து எழுதிப் போடலாம்."