மாடித் தொட்டியில் இராவணன் மீசை

குளிர்நாட்டுக் கடற்கரையில், வெறும் மணலில் வளரும் புல்லுக்குள் நுண்ணுயிர்கள் குடியிருந்து அதைப் பிழைக்கவைக்கின்றன என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் பழவேற்காட்டு மணல்மேட்டில் வளரும் இராவணன் மீசைப் புல்லுக்குள்ளும் அப்படி இருந்தால்? இந்த ஆராய்ச்சி மாணவி மலீஹாவை உலகமே திரும்பிப் பார்க்காதா?

புல்லின் தண்டிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்தேன். வீட்டு மாடித் தொட்டிகளில் கழுவிய மணலை நிரப்பி நாற்றுகளை நட்டு, பாதித் தொட்டிகளுக்கு மட்டும் அந்த நுண்ணுயிர்களைக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றும் வேலையை உம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்னைக்குப் போனேன்.

திரும்பி வந்தால், நுண்ணுயிர் கொடுக்காத நாற்றுகள்தான் கொழுகொழுவென்று நின்றன. உடனே பேராசிரியருக்குப் போன் போட்டு அழுதேன்.

"தண்ணியத் தவிர வேற ஏதாவது ஊத்தினாங்களான்னு கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. அறிவியல் மேதை அடுப்படியிலா விசாரிப்பாள்?

"மீன் கழுவுன தண்ணியும் ஊத்துனேன்," என்றார் உம்மா. "இந்தப் பக்கத்துச் செடிங்க மட்டும் வாடிக் கெடந்துச்சு, பாவம். அந்தப் பக்கம் நல்லாத்தானே இருந்துச்சு, அதுக்கு எதுக்கு?"

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். நுண்ணுயிர் பெற்றவை வெறும் மணலிலேயே வாடாமல் நின்றிருக்கின்றன. வெற்றி பெற்ற சோதனைக்குத்தான் அழுதிருக்கிறேன்.

"இன்னாடி சிரிக்கிறே?"

உம்மாவின் இரக்கத்தை எந்த ஆய்விதழும் சான்றாக ஏற்காது. மறுபடி நட்டேன்.

"இந்தத் தடவ வாடுனாலும் விட்டுடு உம்மா."

"அதெப்படிடி விடுறது?"

தொட்டிகளைச் சென்னை விடுதிக்கே தூக்கிக்கொண்டு போனேன்.