கேட்டுப் பச்சை

அலுவலக வாசலில் பச்சை ராஜ்தூத் பைக் நிற்பதைப் பார்த்ததும் கயலின் நடை தானாகத் தளர்ந்தது. மாலையில் பேருந்து நிறுத்தத்தில்தான் நிற்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாள். வாசலில் வண்டியை நிறுத்தினால் செக்யூரிட்டி திட்டுவார் என்று அவள் சொன்ன பொய்யை அப்பா டில்லிபாபு இத்தனை நாளும் நம்பினார். இன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மகள் நனைந்துவிடுவாளே என்று நேராக வாசலுக்கே வந்துவிட்டார். திட்ட வேண்டிய செக்யூரிட்டி லாரன்ஸோ வண்டிக்குப் பக்கத்தில் குந்தியபடி என்ஜினைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கயலைக் கண்டதும் என்றைக்கும் இல்லாத அதிசயமாக வாய் நிறையச் சிரித்தார். தான் யாருடைய அப்பா என்பது வரை அவர் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில், மாடிப்படிக்குக் கீழே வருஷக்கணக்காகக் கிடந்த வண்டி அது. கயல் பாவாடை சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்தில் என்ஜின் ஜாமாகி நின்றுபோனது. அப்புறம் அதன்மேல் கிழிந்த பாய் ஏறியது, காலிக் குடங்கள் ஏறின. ஒரு பூனை சீட்டைக் கிழித்து அதற்குள்ளேயே குட்டி போட்டது. எடைக்குப் போட்டுத் தொலை என்று அம்மா பொன்மணி அவரைக் கரித்துக்கொட்டாத வாரம் இல்லை. எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், கயலுக்குத் தரமணியில் வேலை கிடைத்த கொஞ்ச நாளில் திடீரென்று குடங்களை இறக்கிவிட்டு வண்டியை வெளியே இழுத்தார். பறக்கும் ரயிலில் ஒருத்தன் தினமும் பக்கத்தில் வந்து நிற்கிறான், இறங்கினால் பின்னாலேயே வருகிறான் என்று அவள் அம்மாவிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி பிஸ்டன் தேடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் ஷரஃபுதீனைக் கூட்டிவந்து உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே அவர் வாயைப் பார்த்தார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஒருவழியாக வண்டி கிளம்பிய அன்று பிளாக் முழுக்கப் புகை சூழ்ந்தது. கொசுமருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று மேல்மாடி சரோஜாதேவி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

அதுவரைக்கும் எல்லாம் சரிதான். வண்டிக்குப் பெயிண்ட் அடித்தபோதுதான் வந்தது வினை. டில்லிபாபுவுக்கு வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. சாஸ்திரி நகரில் ஒரு அபார்ட்மென்ட் கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சிய பச்சை எனாமலை எடுத்து, வண்டியையும் ஒரு கேட்டாகவே நினைத்து, பிரஷ்ஷால் இழுத்துவிட்டார். தடம் தடமாகத் தெரிந்தது. இரண்டு இடத்தில் பிரஷ் முடிகூட ஒட்டியிருந்தது.

"ஸ்ப்ரே அடிச்சிருக்கலாம்லப்பா?"

"ஸ்ப்ரேலாம் ரெண்டு மழைக்குத் தாங்காது கண்ணு. இது கேட்டுப் பச்சை. உன் கல்யாணம் வரைக்கும் அப்டியே நிக்கும் பாரு."

கடைசியாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெட்ரோல் டேங்கில் வெள்ளையில் 'கயல்' என்று எழுதினார். எழுத்து மட்டும் நன்றாகவே வந்திருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வண்டியில் தரமணிக்கு வந்து இறங்கியபோதுதான் அதை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. அப்பா பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறார் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தாள்.

இப்போது அவள் கூடவே படியிறங்கி வந்தவள் ஹம்சா. பக்கத்து நாற்காலிக்காரி, ஆழ்வார்பேட்டை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பாதியை இவள் பக்கம் தள்ளிவிட்டுத்தான் தன் வாயில் வைப்பாள். டில்லிபாபு இரண்டு ஹெல்மெட்டுகளைக் கையில் மாட்டிக்கொண்டு சிரித்தபடி எதிரே வந்தார். முழங்கையில் வெள்ளை பிரைமர் காய்ந்திருந்தது.

"உன் பைக் டாக்சியாடி?" என்றாள் ஹம்சா.

கயல் தலையாட்டினாள். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லையே என்று அப்புறம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது எடுபடவில்லை. டில்லிபாபு கேட்கும் தூரத்தில்தான் இருந்தார். எடுத்து வைத்த காலோடு நின்றுவிட்டார்.

"கயல், ப்ளீஸ், நான் இதுல போயிடட்டுமா? எனக்கு ரெண்டு பேர் கேன்சல் பண்ணிட்டா. இன்னிக்கு அப்பாவுக்கு பர்த்டே. ஆத்துல எல்லாரும் எனக்காகக் காத்துண்டிருக்கா. நீ வேற புக் பண்ணிக்கோயேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இது எங்கப்பா. அவ்வளவுதான். அதற்குள் டில்லிபாபு முந்திக்கொண்டார்.

"ஏறுங்க மேடம். எங்க போவணும்?"

தோளில் கிடந்த துண்டால் ஹெல்மெட்டின் உள்பக்கத்தைத் துடைத்தார். தினமும் கயலுக்குத் துடைத்துக் கொடுக்கிற அதே ஹெல்மெட். ஹம்சா வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"செம வின்டேஜ்! இந்தப் பச்சை எவ்ளோ நன்னா இருக்கு! ஏய், உன் பேர் போட்டிருக்கு பாருடி!"

"எம் பொண்ணு பேரு மேடம்."

"அப்படியா? என்ன பண்றா?"

"ஆபீஸ்ல வேல செய்யுது மேடம். பெரிய ஆபீசு."

அவர் கயலின் பக்கம் திரும்பவேயில்லை. வண்டியை உதைத்தார். மூன்றாவது உதையில் கிளம்பி, வாசல் முழுக்கப் புகையைக் கக்கிவிட்டுப் போனது. லாரன்ஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்து, இல்லாத தூசியைத் தொப்பியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டது.

கயல் பறக்கும் ரயிலில் வீடு திரும்பினாள். உட்கார இடம் இருந்தும் கதவோரம் நின்றே வந்தாள். பெட்டியில் இருந்த யாருக்கும் எதுவும் தெரியாது, ஆனாலும் எல்லோர் முகத்துக்கும் பயந்தாள். வீட்டு வாசலில் பச்சை வண்டி நனைந்து நின்றது. பொன்மணி அவளைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டாள். "இன்னாடி, அவரு முன்னாடியே வந்துட்டாரு, நீ தனியா வர்ற?"

டில்லிபாபு தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "வண்டி மக்கர் பண்ச்சி. நான்தான் ரயில்ல போவச் சொன்னேன்."

பொன்மணி அந்த ராஜ்தூத்தை அக்குவேறு ஆணிவேறாகத் திட்டித் தீர்த்தாள். எடைக்குப் போட்டிருந்தால் ஒரு குக்கராவது வந்திருக்கும் என்றாள். பாவம், அது கல்லுமாதிரி நின்றது. அப்பா தட்டை இழுத்து ரசம் ஊற்றிக்கொண்டார். கயலுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பாள். சோறு போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

காலையில் அவள் இறங்கி வந்தபோது டில்லிபாபு வண்டிக்குப் பக்கத்தில் பிரஷ்ஷைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தார். டேங்கில் பெயர் இல்லை. அந்த இடத்தில் மட்டும் பச்சை பளபளவென்று இருந்தது.

"தொடாத, ஈரமா கீது," என்றார். "நேத்து மழையில எழுத்து உப்பிக்கிச்சி. அதான் ஒரு கோட்டு இழுத்துட்டேன்."

கேட்டுப் பச்சை கல்யாணம் வரைக்கும் நிற்கும் என்று சொன்னவர் அவர்தான். கயல் பெயர் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். புதுப் பெயிண்டுக்கு அடியில் 'ல்' எழுத்தின் விளிம்பு மேடாகத் தட்டுப்பட்டது. அப்பா என்று கூப்பிட்டாள். அவர் அதற்குள் வண்டியை உதைத்துவிட்டார். சத்தத்தில் கேட்டதோ இல்லையோ.

வழி முழுக்க அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள். இன்றைக்கு வாசல் வரைக்கும் வாங்க என்று சொல்லிவிட வேண்டும் என்று அடையாறு பாலத்தில் நினைத்தாள், மத்திய கைலாஷ் சிக்னலில் நினைத்தாள். பேருந்து நிறுத்தத்துக்கு வெகு முன்னாலேயே, ரயில் நிலையத்தின் பக்கத்தில், டில்லிபாபு வண்டியை ஓரம் கட்டினார்.

"இங்கயே எறங்கிக்கோ கண்ணு. அந்தாண்ட ஒரே டிராபிக்கு."

சாலை காலியாகக் கிடந்தது. அவள் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

அலுவலக வாசலில் வருகைப் பதிவுக்கு வரிசை நின்றது. ஹம்சா பின்னால் வந்து தோளைத் தட்டினாள். "நேத்து அந்த அண்ணா காசே வாங்கிக்கலைடி. ஸ்கேன் பண்றேன்னா, வேணாம்மா, போற வழிதான்னுட்டார். அவர் நம்பர் இருக்கா? டெய்லி வரச் சொல்லலாம்."

கயல் கட்டைவிரலைக் கைரேகை மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. மெஷினின் கண்ணாடியில் பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது. லாரன்ஸ் எழுந்து வந்து பார்த்தார். அந்த விரலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஹம்சாவைப் பார்த்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. பச்சை விரலை மூன்றாவது முறையாக மெஷினில் வைத்து அழுத்தினாள்.