மூன்றாவது கேமரா

...இல்லை, இன்னும் வரவில்லை, இந்தப் பாட்டு முடிந்த பிறகுதானே குழந்தைகள் கைகோத்து நிற்பார்கள், அதற்குள் ஏன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்? டி.வி. நிலையத்தின் பழைய ஒரு அங்குல வீடியோ நாடா மெஷினில் கரகரவென்று ஓட, படம் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு அங்குலமாக இருந்த நாடா ஒரு அங்குலமாகி, கேசட்டாகி, கடைசியில் நாடாவே இல்லாமல் போய்விட்டது, அவள் வீடும் அப்படித்தான் சுருங்கிப்போனது... மெஷின் ஓட்டும் தம்பி முன்னமே சொல்லிவிட்டான், நாடாவின் பூச்சு உரிகிறது, இதுதான் கடைசி ஓட்டம் என்று. மகள் காய்ச்சலில் போனதிலிருந்து இதன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவள், இன்று ஓடி வந்திருக்கிறாள். அந்த முகம் ஒரு தடவையாவது இதில் இருக்காதா? இந்த நிலையத்தில் படம் மாற்றும் வேலை அவளுக்கு, மூன்று கேமராவும் எடுப்பது அவள் எதிரே மூன்று திரைகளில் தெரியும், அவள் அழுத்தும் பொத்தானின் படம் மட்டும்தான் நாடாவில் ஏறும், மற்றதெல்லாம் காற்றோடு போச்சு. அன்று குழந்தைகள் நிகழ்ச்சியில் மகள் நின்றது மூன்றாவது கேமராவுக்கு நேரே. இயக்குநரே சொன்னார், "மூணுக்குப் போங்கம்மா, குழந்தை அழகா சிரிக்குது." தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள் என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதாம், காதில் விழாததுபோல் இரண்டை அழுத்தினாள், பெரிய நியாயவாதி! வேலையில் ஒரு தப்பும் செய்யாதவள் என்று பெயர் வாங்கிய பாவி, விரல் தவறி ஒரே ஒரு முறை மூன்றை அழுத்தியிருக்க மாட்டோமா என்று இன்று ஏங்குகிறாள், மேசைமேல் விரல் தானாகத் தட்டுகிறது, மூன்று, மூன்று... ஓடும் படம் மாறினால்தானே.

அன்று காலையில் தலை பின்னும்போது மகள் கேட்டாள், "நீ என்னைப் பாக்குறியான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" வாயில் ஹேர்பின்னோடு இவள் சொன்னாள், "உனக்கு நேரா இருக்கிற கேமராவுல சிவப்பு விளக்கு எரியும்டி. எரிஞ்சா அம்மா உன்னைத்தான் பாக்குறேன்னு அர்த்தம்." இதோ, பாட்டு முடிந்துவிட்டது, முதல் கேமரா, எல்லாக் குழந்தைகளும் ஒரே படத்தில், ஓரத்தில்... ஓரத்தில் அவள்தான்! ஆனால் முகம் எங்கே? மற்றவர்கள் எல்லாரும் விளக்கு எரியும் முதல் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவள் மட்டும் பக்கவாட்டில் திரும்பி, ஒரு கன்னமும் காதும் பின்னலும்தான் தெரிகின்றன, மூன்றாவது கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அன்று இது ஏன் கண்ணில் படவில்லை? எப்படிப் படும், இவள் கண்தான் மூன்றாவது திரையை விட்டு நகரவே இல்லையே, அங்கே குழந்தை நேராக இவளையே அல்லவா பார்த்துக்கொண்டிருந்தது... பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்டி, கண்ணு, வேறு யாரையும் பார்க்கவில்லை. படம் கோடுகோடாக ஆடி அணைந்தது. "அவ்ளோதான்க்கா, நாடாவை எடுத்துடவா?" என்றான் தம்பி. அவள் தலையாட்டினாள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், களைப்பு என்றுதானே நினைத்தோம்... களைப்புதானா?