ஹாலில் நிற்கும் பெண்கள்

என் மகள் நறுமுகை வீடியோ கேமில் ஒரு பெண்ணைக் காப்பாற்றினால், மறுநாள் காலை அந்தப் பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். சேலத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் வேறு சில வீடுகளுக்கும் இப்படி வருகிறார்கள். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது அவர்களையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வது வழக்கம்.

முதலில் வந்தவள் ஒரு போர்வீராங்கனை. தோளிலும் மார்பிலும் மட்டும் இரும்புக் கவசம். வயிறும் தொடையும் வெறுமையாக இருந்தன. "நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும்" என்றாள். விளையாட்டில் அவளுக்குக் கொடுத்திருந்தது அந்த ஒரு வரிதான். காபி வேண்டுமா என்று கேட்டதற்கும் அதையே சொன்னாள். என் நைட்டி ஒன்றைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டதும் அது சுருங்கி, கவசம் மறைத்த இடத்தை மட்டும் மறைத்தது. என் கணவர் குணசீலன் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் பக்கம் திருப்பவில்லை.

நறுமுகைக்கு எட்டு வயது. ஷூ மாட்டிக்கொண்டே கேட்டாள், சண்டைக்குப் போகிறவள் வயிற்றை இப்படித் திறந்து வைத்திருந்தால் அம்பு படாதா என்று. படத்தான் செய்யும் என்றேன். கூடச் சண்டை போடுகிற ஆண்களுக்குக் கழுத்திலிருந்து கால் வரை இரும்பு இருக்கிறதே என்றாள். இவளை வரைந்தவர்கள் சண்டைக்காக வரையவில்லை, பார்ப்பதற்காக வரைந்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

யார் பார்ப்பதற்கு என்று கேட்டாள். அதற்குள் ஸ்கூல் வேன் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணால் சாப்பிட முடியவில்லை. அவள் இடுப்பு என் முழங்கையைவிடக் கொஞ்சம்தான் தடிமன். இட்லி இறங்க வழியில்லை. தட்டுக்கு முன்னால் சிரித்தபடியே நின்றாள். நறுமுகை அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டாவது இட்லியை ஒதுக்கினாள். சில நாட்களில் முதல் இட்லியிலும் பாதியை மிச்சம் வைத்தாள். உடம்பென்றால் உள்ளே குடலும் ஈரலும் இருக்க இடம் வேண்டும், அந்த அக்காவுக்கு அதெல்லாம் வைக்க மறந்துவிட்டார்கள் என்று அவளை மடியில் உட்காரவைத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். பிறகு எழுந்து, பாவாடை நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டிவிடச் சொன்னாள்.

அவள் கேம் ஆடும் டேப்லெட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் அழவில்லை.

"நான் ஆடலேன்னா கோட்டைக்குள்ள இருக்கறவங்க கட்டிப்போட்டபடியே இருப்பாங்களேம்மா" என்றாள்.

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

அதன்பின் நிறையப் பேர் வந்தார்கள். இளவரசி, மருத்துவச்சி, யாரோ ஒருவனின் இறந்துபோன மனைவி. ஹாலில் சோபாவை நகர்த்தி இடம் செய்தோம். முகம் எல்லோருக்கும் ஒன்றுதான், தலைமுடி நிறம் மட்டும் வேறு. விளையாட்டில் பெண்ணாகவே நின்று சண்டை போட வழியில்லையா என்று நறுமுகையிடம் கேட்டேன். இருக்கிறது, ஆனால் அப்படி ஆடினால் கடைசி வரை திரையில் அந்தப் பெண்ணின் பின்பக்கம்தான் தெரியும், முகம் வராது என்றாள். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குணசீலன் வெளியே போயிருந்தார். இவர்களையெல்லாம் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாமா, ஒரே இடத்தில் நிற்கிறார்களே என்று நறுமுகை கேட்டாள்.

"அப்பா வரட்டும், கேட்டுக்கலாம்" என்றேன்.

அவள் பெண்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உன்னை யாரும்மா வரைஞ்சாங்க?"

"என்னை யாரும் வரையலைடி."

"அப்புறம் ஏன் நீயும் எதைக் கேட்டாலும் அப்பா வரட்டும்னு ஒண்ணையே சொல்ற?"

வேறு ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். எவ்வளவு தேடியும் வேறு வாக்கியம் கிடைக்கவில்லை. என் மகள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு போய், இளவரசிக்கும் மருத்துவச்சிக்கும் நடுவில் இருந்த இடத்தில் நின்றுகொண்டாள். தோளைப் பின்னுக்குத் தள்ளி, வயிற்றை எக்கிக்கொண்டாள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

உலை வைக்கும் நேரமாகிவிட்டது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீருக்குப் பதிலாக, யாரோ கூட்டமாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல், கைதட்டல் வந்தது. குடம் நிறையும் வரை பிடித்துவிட்டு, அடுத்த குடத்தை வைத்தேன்.